இரண்டாம் சாட்சி

இரவு ஒரு மணிக்கு நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு
அறுநூறு ரப்பர் மரங்களைக் கீறிவிட்டு வருகிறவனுக்கு
காலை ஏழு என்பது நடுப்பகல்.
திராங் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில்
கோ லியங்கின் காப்பிக்கடைக்கு
அந்த நடுப்பகலில்தான் போவேன்.

கடைக்குத் தொண்ணூற்று நாலு வயது.
அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை.
கேட்டால் பளிங்கு மேசையைக் காட்டுவார்.
அதன் விரிசல் வழியே
யார் சிந்திய காப்பியும்
என் முழங்காலைத் தேடித்தான் வரும்.

அன்று மற்ற மேசைகள் நிரம்பியிருந்தன.
என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்,
ஆளுக்கொரு வாசல் வழியாக.
அவன் பைரோட், தவளைத்தலை டுக்டுக் ஓட்டுகிறவன்.
அவள் சுமாலி, தபால் நிலையத்தில்
முத்திரை குத்தும் கை.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.

முதலில் தெரிந்தது ஒரு பழுப்புக் கவர்,
மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில்.

காப்பி வந்தது:
அடியில் இரண்டு விரல் கெட்டிப்பால்,
மேலே கரி.
சுட்ட பன்றிக்கறி அரைத்தட்டு,
தோல் கண்ணாடியாய் நொறுங்க.
அவர்கள் கவரைப் பற்றிப் பேசினார்கள்.
அலமாரி யாருக்கு, சீட்டுப்பணம் எத்தனை தவணை பாக்கி.
பேச்சோடு பேச்சாக
அவள் தன் பங்குத் தோலையெல்லாம்
அவன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.
அவன் அவளுடைய கிளாசைக் கலக்கி வைத்தான்,
தன்னுடையதைக் கலக்கவில்லை.

"அண்ணே, எட்டரைக்கு உங்களுக்கு வேலை இருக்கா?"
என்னைத்தான் கேட்டாள்.
விவாகரத்துப் பதிவுக்கு இரண்டு சாட்சி வேண்டும்.
வருவதாகச் சொன்ன ஒருவனுக்கு
ரயில் சவாரி கிடைத்துவிட்டது.
இன்னொருவன் போனை எடுக்கவில்லை.

"நான் ஒண்ணு" என்றார் கோ லியங்,
காப்பித்துணியைப் பிழிந்துகொண்டே.
அவர்கள் கல்யாணத்துக்கு
நாலு கெட்டில் அனுப்பியவர் அவர்.
பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அப்போதுதான்
கொதிநீர்க் கிளாசில் என் இரண்டு முட்டைகளை இறக்கியிருந்தேன்.

அடையாள அட்டை கேட்டார்கள்.
என்னுடையது பாட்டரிப் பெட்டிக்குள்
ரப்பர்பால் காய்ந்து ஒட்டிக்கிடந்தது.
உரித்தபோது என் முகத்தில்
ஒரு கன்னம் பெட்டியோடு தங்கிவிட்டது.
அதிகாரி மூக்கைச் சுருக்கினார்.
மரம் கீறுகிறவன் நாற்றம் அவருக்கும் புதிதல்ல.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

ஒன்றரை மணி நேரமாகத் தெரியும்
என்று சொல்லியிருக்க வேண்டும்.
"தெரியும்" என்றேன்.
பொய் என்று தோன்றவில்லை.
அந்த அறையில் வேறு யாருக்குத் தெரியும்
தோல் எந்தப் பக்கம் போனதென்று?

கையெழுத்து போட்டேன்.
பேனா விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
சுமாலி சிரித்துவிட்டாள்.
பைரோட்டும்.
அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை,
இங்கே சிரிக்கக்கூடாது என்று
சுவரில் எங்கும் எழுதியிருக்கவும் இல்லை.

டுக்டுக்கில் நால்வரும் திரும்பினோம்.
அவள் பின்னால், எங்களோடு.

கோ லியங் கரும்பலகைத் துண்டை எடுத்தார்.
பன்னிரண்டு வருடமாக ஒரே வரியில் ஓடிய கணக்கு.
சாக்கட்டியை வைத்தபடி நின்றார்.
"ஒண்ணாவா, ரெண்டாவா?"

காலையிலிருந்து முதல் முறையாக
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னிக்கு ஒண்ணு" என்றாள்.
அவன் பையைத் துழாவினான்.
இருபது பாத் குறைந்தது.
அதை அவள் வைத்தாள்.

நான் என் மேசைக்கு வந்தேன்.
கிளாசில் நீர் ஆறிப்போயிருந்தது.
முட்டையை உடைத்தேன்:
வழியவில்லை.
மஞ்சள் கல்லாகிவிட்டது.
வெள்ளை மிளகைத் தூவி, சோயா சாறு விட்டு
அப்படியே தின்றேன்.
"வேற ரெண்டு போடட்டுமா?" என்றார் கோ லியங்.
வேண்டாம் என்றேன்.
எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.